சோளக்காட்டுப் புழுவின் சூலகம்

2018ஆம் ஆண்டின் பெரும்போகம். இலங்கையின் ஊவா மாகாணத்தில் மொனராகலை, புத்தளை, சியம்பலாண்டுவை, மகியங்கனைப் பக்கத்துக் காணிகளில் சோளம் முழங்கால் உயரத்துக்கு வந்திருந்தது. குருத்து விரிய விரிய இலைகளில் வரிசையாக ஓட்டைகள் தெரிந்தன. குருத்தின் அடியில் நனைந்த மரத்தூள் போல எச்சம் குவிந்திருந்தது. அதை விரலால் விலக்கிப் பார்த்தவர்கள் உள்ளே ஒரு புழுவைக் கண்டார்கள். அதன் தலையில் ஆங்கில ‘வை’ எழுத்தைக் கவிழ்த்து வைத்தது போல வெளிறிய கோடு. வாலை ஒட்டிய துண்டத்தில் சதுரம் போட்டாற்போல நான்கு கரும்புள்ளிகள்.

சில வாரங்களுக்குள் அந்தப் புழுவின் பெயர் நாடெங்கும் பத்திரிகைத் தலைப்பாகிவிட்டது: சேனா படைப்புழு. சிங்களத்தில் சேனா என்றாலும் படைதான், தமிழில் சேனை என்றாலும் படைதான். ஒரே பொருள் இரண்டு முறை வரும் பெயர். காட்டை வெட்டித் திருத்திச் செய்யும் சேனைப் பயிர்ச்செய்கையும் அதே ஓசையில் இருப்பதால், ஊவாவின் மேட்டு நிலங்களுக்கென்றே வைத்த பெயர் போல அது ஒட்டிக்கொண்டது.

இந்தப் புழுவின் பிறப்பிடம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்ப நிலங்கள். 2016இன் தொடக்கத்தில் மேற்கு ஆபிரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்டது. 2018 மே மாதத்தில் கர்நாடகத்தின் சிவமொக்காவில் தென்பட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் இலங்கைக்கு வந்துவிட்டது. ஒரு பெண் அந்து ஆயிரத்துக்கு மேல் முட்டையிடும். காற்று வசமாக இருந்தால் ஒரே இரவில் 100 கிலோமீற்றர் வரை பறக்கும். அப்படிப்பட்ட பூச்சிக்குப் பாக்குநீரிணை ஒரு தடையே இல்லை.

அறிவியலில் இதன் பெயர் ஸ்பொடொப்டெரா ஃப்ருஜிபெர்டா. 1797இல் ஆங்கிலேய இயற்கையியலாளர் ஜேம்ஸ் எட்வர்ட் ஸ்மித் கொடுத்த இனப்பெயரே இன்றும் நிற்கிறது. ஃப்ருஜிபெர்டா என்ற இலத்தீன் சொல்லுக்கு விளைச்சலைத் தொலைப்பது என்று பொருள். அந்த இரட்டைப் பெயரின் முதலெழுத்துகள் ‘எஸ்’சும் ‘எஃப்’பும். உலகின் எந்தப் பெரிய வைரஸ் ஆய்வகத்தின் குளிர்ப்பெட்டியைத் திறந்தாலும் எஸ்.எஃப்.9, எஸ்.எஃப்.21 என்று எழுதிய சிறு குப்பிகள் இருக்கும். சோளக் குருத்தைத் தின்ற அதே இனத்தின் கலங்கள் அவை. டெங்கு, கொரோனா, இன்ஃபுளுவென்சா, கருப்பைக் கழுத்துப் புற்றுநோயை உண்டாக்கும் பாப்பிலோமா ஆகிய வைரஸ்களின் புரதங்களை அந்தக் கலங்கள் செய்துகொடுக்கின்றன.

இந்தச் சொற்பொழிவு அந்தக் குப்பிகளைப் பற்றியது. ஊவாவில் நின்று அதைச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. புழுவால் நட்டப்பட்டவர்களும் நுளம்பால் காய்ச்சல் கண்டவர்களும் இங்கே ஒரே குடும்பத்தில் இருக்கிறார்கள். புழுவிலிருந்து காய்ச்சலுக்குப் போகும் பாதையை மற்றவர்களுக்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவர்களும் அவர்கள்தான்.

ஒரு விலங்கின் கலங்களை உடலுக்கு வெளியே கண்ணாடிப் பாத்திரத்தில் உயிரோடு வைத்திருப்பது எளிய வேலை இல்லை. பூச்சிகளில் அது இன்னும் கடினமாக இருந்தது. 1915இல் ரிச்சர்ட் கோல்ட்ஷ்மிட் ஓர் அந்துவின் விந்தகக் கலங்களைச் சில காலம் உயிரோடு வைத்துக் காட்டினார். 1935இல் வில்லியம் ட்ரேகர் பட்டுப்புழுவின் திசுவை வளர்த்து, அதில் பட்டுப்புழுவைக் கொல்லும் வைரஸையும் பெருக்கினார். ஆனால் தலைமுறை தலைமுறையாகப் பெருகிக்கொண்டே இருக்கும் பூச்சிக் கலங்கள் ஒருவருக்கும் கைகூடவில்லை. பூச்சியின் இரத்தம் நம் இரத்தம் போன்றதன்று. அதில் அமினோ அமிலங்கள் மிக அதிகம். உப்புகளின் விகிதமும் வேறு. பாலூட்டிக் கலங்களுக்குச் செய்த கரைசலை ஊற்றினால் அவை பட்டினியில் கிடந்து சாகும்.

அந்த முடிச்சை அவிழ்த்தவர் அவுஸ்திரேலியாவின் கன்பெராவில் வேலை செய்த தோமஸ் கிரேஸ். யூகலிப்டஸ் இலை தின்னும் ஓர் அந்துவின் கூட்டுப்புழுவிலிருந்து சூலகத் திசுவை எடுத்து, பூச்சி இரத்தத்தின் இயல்புக்கு ஏற்ற கரைசலில் வைத்தார். 1962இல் தொடர்ந்து பெருகும் நான்கு கல வரிசைகளை அவர் அறிவித்தார். இன்றும் ஆய்வகங்களில் வாங்கும் கரைசல் போத்தல்களில் அவர் பெயர் இருக்கிறது.

1967இல் இந்தக் கதை நம் பக்கத்து ஊருக்கு வந்தது. புனேயில் இருந்த வைரஸ் ஆராய்ச்சி மையத்தில், இன்றைய தேசிய வைரஸியல் நிறுவனத்தில், கே.ஆர்.பி. சிங் என்ற ஆய்வாளர் நுளம்புக் குடம்பிகளிலிருந்து கல வரிசைகளை உருவாக்கி ‘கரன்ட் சயன்ஸ்’ இதழில் வெளியிட்டார். ஒன்று வீட்டு நுளம்பான ஏடிஸ் எஜிப்டி. மற்றது ஏடிஸ் அல்போபிக்டஸ். தோட்டப்புறங்களில் தேங்காய்ச் சிரட்டையிலும் தகரப் பேணியிலும் மரப்பொந்திலும் தேங்கும் மழைநீரில் முட்டையிடும் வரிநுளம்பு அது. அந்த அல்போபிக்டஸ் கலங்களிலிருந்து ஜப்பானிய அறிஞர் அகிரா இகராஷி 1978இல் பிரித்தெடுத்த ஒரு கிளைதான் சி6/36. டெங்கு வைரஸை நோயாளியின் இரத்தத்திலிருந்து பிரித்தெடுக்க வேண்டுமென்றால் உலகெங்கும் அந்தக் கலத்தையே தேடுகிறார்கள். இத்தனை ஆய்வகங்களுக்குப் போய்ச் சேர்ந்த ஒரு பொருளைப் புனேயில் குடம்பி அரைத்துத் தொடங்கியவரின் பெயர் தமிழ்ப் பாடநூல்களில் வருவதில்லை. வர வேண்டும்.

சிங் செய்த கலத்துக்கும் படைப்புழுக் கலத்துக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. நுளம்புக் கலத்தில் டெங்கு வைரஸை விட்டால் முழு வைரஸும் பெருகும். தொற்றக்கூடிய வைரஸ். படைப்புழுக் கலத்தில் வைரஸின் ஒரேயொரு புரதத்தை மட்டும் செய்யலாம். அங்கே டெங்கு வைரஸ் எந்தக் கட்டத்திலும் இருப்பதில்லை. அதன் சட்டையின் ஒரு துண்டு மட்டும் இருக்கும். ஆய்வு செய்கிறவருக்கு ஆபத்து இல்லை. வைரஸின் அடையாளம் மட்டும் கையில் கிடைக்கும். எபோலா போன்ற கொடிய வைரஸ்களைப் பற்றிச் சாதாரண ஆய்வகங்களிலும் படிக்க முடிவது இதனால்தான்.

இதைச் சாத்தியமாக்கியது இன்னொரு வைரஸ். அது மனிதருக்கு வருவதில்லை, புழுவுக்கு வருவது.

தேயிலை மலையில் வேலை செய்கிறவர்களுக்குப் புழுவை இன்னோர் உயிரால் மடக்குவது புதிய செய்தி இல்லை. கொழுந்தைச் சுருட்டி நூலால் கட்டி உள்ளே இருந்து தின்னும் ஹொமொனா என்ற புழு இலங்கைத் தேயிலைக்கு ஒரு காலத்தில் பெருந்தொல்லையாக இருந்தது. 1935–36இல் தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் ஜாவாவிலிருந்து மக்ரோசென்ட்ரஸ் என்ற சிறு குளவியைக் கொண்டுவந்து தோட்டங்களில் விட்டது. புழுவுக்குள் முட்டையிட்டு, அதை உள்ளிருந்தே தின்னும் குளவி. சில ஆண்டுகளில் சுருட்டுப்புழு அடங்கிவிட்டது. பூச்சியியல் நூல்களில் உலக அளவில் மேற்கோள் காட்டப்படும் வெற்றி அது. பிறகு 1950களில், தண்டைத் துளைக்கும் வண்டுக்கு எதிராக டீல்ட்ரின் என்ற மருந்தை அடித்தார்கள். வண்டு செத்தது, குளவியும் பெருமளவில் செத்தது. அடங்கிக் கிடந்த சுருட்டுப்புழு திரும்பி வந்தது. அந்த மருந்தை நிறுத்திய பிறகுதான் குளவி மீண்டது.

அதே ஹொமொனா இனத்தின் உறவுப் புழு ஜப்பானில் இருக்கிறது. 1990களில் ககோஷிமாத் தேயிலைத் தோட்டங்களில் அதற்கு எதிராகக் குளவிக்குப் பதில் வைரஸைத் தெளித்தார்கள். தமிழ்நாட்டிலும் கடலை, பருத்தி பயிரிடும் விவசாயிகள் ‘என்.பி.வி.’ என்ற பெயரில் இத்தகைய வைரஸை அறிவார்கள். நோயுற்றுச் செத்த புழுக்களை அரைத்து வடிகட்டி, ஒரு ஹெக்டேருக்கு இத்தனை புழுச் சமானம் என்று கணக்கிட்டு, வெயில் தாழ்ந்த பிறகு தெளிப்பார்கள். படைப்புழு இந்தியாவுக்குள் வந்த பின், பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வளப் பணியகம் அதைக் கொல்லும் என்.பி.வி. வகை ஒன்றையும் தனித்தெடுத்தது.

இந்த வைரஸ் குடும்பத்தின் பெயர் பாக்குலோ வைரஸ். பாக்குலம் என்றால் இலத்தீனில் கோல். மின்னணு நுணுக்குக்காட்டியில் அது கோல் வடிவில் தெரியும். வெயிலும் மழையும் படும் இலைமேல் வெறும் கோலாகக் கிடந்தால் அது விரைவில் அழிந்துவிடும். ஆகவே நூற்றுக்கணக்கான கோல்கள் சேர்ந்து ஒரு பளிங்குக்குள் புதைந்துகொள்கின்றன. கற்கண்டுக்குள் எள் பதிந்திருப்பது போன்ற அமைப்பு. அந்தப் பளிங்கு பெரும்பாலும் பாலிஹெட்ரின் என்ற ஒரே புரதத்தால் ஆனது. பளிங்கோடு இலையைத் தின்னும் புழுவின் குடல் கடுமையான காரத்தன்மை கொண்டது. மனித இரைப்பைக்கு நேர்மாறு. அந்தக் காரத்தில் பளிங்கு கரைகிறது, கோல்கள் வெளிப்பட்டுக் குடற்சுவருக்குள் நுழைகின்றன.

பிறகு நடப்பதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். நோயுற்ற புழு செடியின் உச்சிக்கு ஏறுகிறது. அங்கே பின்கால்களால் இலையைப் பற்றித் தலைகீழாகத் தொங்கியபடி சாகிறது. உடல் முழுவதும் நீராகிக் கீழிலைகளில் சொட்டுகிறது. ஒவ்வொரு சொட்டிலும் கோடிக்கணக்கான பளிங்குகள். புழுவை உச்சிக்கு ஏற்றுவது வைரஸின் ஒரேயொரு மரபணு என்பதை, மரங்களைத் தின்னும் ஒரு வகை அந்துப் புழுவில், பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் கெல்லி ஹூவரும் உடன் ஆய்வாளர்களும் 2011இல் காட்டினார்கள்.

படைப்புழுவின் கூட்டுப்புழுச் சூலகத்திலிருந்து கல வரிசை எடுத்தவர்களும் இந்த நோய்களைப் படித்தவர்கள்தான். அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில்லில் இருந்த பூச்சி நோயியல் ஆய்வகத்தில் ஜேம்ஸ் வோனும் அவர் குழுவினரும் 1977இல் அதை அறிவித்தார்கள். அந்த வரிசையின் எண் 21, ஆகவே எஸ்.எஃப்.21. மனிதருக்கான தடுப்பூசி அப்போது அந்த ஆய்வகத்தின் வேலைப் பட்டியலில் இல்லை.

டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் மாக்ஸ் சம்மர்ஸ் என்பவரும் அவரிடம் ஆய்வு செய்த கேல் ஸ்மித்தும் ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டார்கள். நோயின் கடைசிக் கட்டத்தில் ஒரு கலத்தின் மொத்தப் புரதத்தில் கால் பங்குக்கும் மேல் பாலிஹெட்ரினாகவே இருக்கிறது. காலைப் பெரட்டில் கணக்கப்பிள்ளை முழுத் தோட்டத்தையும் ஒரே மலைக்கு அனுப்பிவிட்டது போன்ற நிலை அது. கலத்தின் மற்ற வேலையெல்லாம் நின்றுபோய், பளிங்கு செய்யும் வேலை மட்டும் நடக்கிறது. ஆனால் கண்ணாடிக் குடுவைக்குள் இலை இல்லை, வெயில் இல்லை, மழை இல்லை. ஒரு கலத்திலிருந்து அடுத்த கலத்துக்கு வைரஸ் பளிங்கு இல்லாமலே போய்விடும். அப்படியானால் அந்தப் பளிங்கு மரபணுவை எடுத்துவிட்டு, அதே இடத்தில், அதே ‘நிறையச் செய்’ என்ற கட்டளைக்குக் கீழே, வேறொரு மரபணுவை வைத்தால் என்ன?

1983இல் அவர்கள் மனித இன்டர்ஃபெரோன் பீட்டாவின் மரபணுவை அப்படி வைத்தார்கள். புழுவின் கலம் மனிதப் புரதத்தைச் செய்து வெளியே விட்டது. எஸ்.எஃப்.21இலிருந்து அவர்கள் பிரித்தெடுத்த சீரான கிளைக்கு எஸ்.எஃப்.9 என்று பெயர். மாக்ஸ் சம்மர்ஸின் ஆய்வகம் அந்தக் கலங்களையும் வைரஸையும் செய்முறைக் கையேட்டையும் கேட்டவர்களுக்கெல்லாம் அனுப்பிவைத்தது. ஒரு தொழில்நுட்பம் பரவுவதற்குக் கண்டுபிடிப்பு எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் இந்தத் தாராளம். இதைச் சொல்லாமல் பாக்குலோ வைரஸின் வரலாற்றைச் சொல்வது அரைகுறை.

இன்று ஓர் ஆய்வகத்தில் இந்த வேலை எப்படி நடக்கிறது? வேண்டிய வைரஸ் மரபணுவை, எடுத்துக்காட்டாக டெங்குவின் என்.எஸ்.1 மரபணுவை, எழுத்து எழுத்தாகச் செயற்கையாகச் செய்து வாங்கலாம். நோயாளியின் இரத்தம் தேவையில்லை. அதை ஒரு சிறு டி.என்.ஏ. வளையத்தில் ஒட்டி, முழுப் பாக்குலோ வைரஸின் மரபுப்பொருளைத் தன்னுள் சுமக்கும் பற்றீரியாவுக்குள் விடுவார்கள். பற்றீரியாவுக்குள்ளேயே மரபணு தாவி வைரஸின் மரபுப்பொருளில் போய் உட்காரும். உட்கார்ந்ததா இல்லையா என்பதை நிறம் சொல்லும்: தட்டில் வளரும் கூட்டங்களில் நீலமாக இருப்பவற்றில் மரபணு சேரவில்லை, வெள்ளையில் சேர்ந்திருக்கிறது. வெள்ளைக் கூட்டத்தைக் குச்சியால் தொட்டெடுத்து வளர்த்து, டி.என்.ஏ.யைப் பிரித்து, கொழுப்புத் துளிகளில் பொதிந்து, எஸ்.எஃப்.9 கலங்களுக்குள் செலுத்துவார்கள்.

அடுத்த நான்கைந்து நாள் பார்த்துக்கொண்டிருக்கும் வேலை. நலமான எஸ்.எஃப்.9 கலம் உருண்டையாக, பளிச்சென்று, சின்ன முத்துப் போல இருக்கும். தொற்று பிடித்தால் உப்பும், கரு கலத்தை நிறைத்துக்கொள்ளும், பிரிவது நின்றுவிடும். பழகிய கண் நுணுக்குக்காட்டியில் பார்த்தவுடன் ‘பிடித்துவிட்டது’ என்று சொல்லிவிடும். அந்தக் குடுவையின் மேல்நீரில் புதிய வைரஸ் இருக்கிறது. அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெருக்கி, பிறகு ஆட்டும் இயந்திரத்தில் சுழன்றுகொண்டிருக்கும் பெரிய குடுவைக் கலங்களில் அளவறிந்து ஊற்றுவார்கள்.

எப்போது அறுவடை செய்வது என்பதில்தான் அனுபவம் பேசும். தொற்றிய 48 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரம் வரை பெரும்பாலும் வழக்கம். முந்தினால் புரதம் போதாது. பிந்தினால் கலங்கள் வெடித்து, உள்ளே இருந்த நொதியங்கள் வெளியே வந்து செய்த புரதத்தையே வெட்டிவிடும். கொழுந்தெடுக்கும் சுற்று தப்பினால் மலை முற்றிப்போவது போலத்தான் இதுவும். புரதத்தின் நுனியில் ஆறு ஹிஸ்டிடின் அமினோ அமிலங்களை முன்கூட்டியே வால் போலச் சேர்த்திருப்பார்கள். அந்த வால் நிக்கல் உலோகத்தில் ஒட்டும். நிக்கல் பூசிய மணிகள் நிறைந்த குழாய் வழியாகக் கலவையை விட்டால் வேண்டிய புரதம் ஒட்டி நிற்கும், மற்றது ஓடிவிடும். கடைசியில் ஒரு கூழ்ப் படலத்தில் ஓடவிட்டு நீலச் சாயம் ஏற்றினால், எதிர்பார்த்த இடத்தில் ஒற்றை நீலக் கோடு தெரியும். பல வார வேலைக்குக் கிடைக்கும் பலன் அந்தக் கோடு. அதைப் பார்த்துச் சிரிக்காத ஆய்வு மாணவர் இருக்க முடியாது.

இவ்வளவு சிரமம் எதற்கு, பற்றீரியாவிலேயே செய்யக்கூடாதா என்று கேட்கலாம். பல புரதங்களைச் செய்யலாம். இன்சுலினை அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் வைரஸ் புரதங்களில் பல, மடிப்பில் மிகக் கறாரானவை. டெங்குவின் என்.எஸ்.1 புரதத்தில் ஆறு கந்தகப் பிணைப்புகள் உண்டு. மேலே சர்க்கரைக் கிளைகளும் உண்டு. பற்றீரியாவில் செய்தால் அது மடியாமல் கட்டியாகிவிடும். பூச்சிக் கலத்துக்கு மடிக்கவும் சர்க்கரை ஒட்டவும் தெரியும். என்.எஸ்.1இன் முழு வடிவமும் உலகுக்குத் தெரிந்தது 2014இல், ‘சயன்ஸ்’ இதழில். அந்த ஆய்வுக்கான புரதம் பூச்சிக் கலத்தில் செய்யப்பட்டது. ஆறு மூலக்கூறுகள் கூடி, நடுவே கொழுப்பை அடைத்துக்கொண்டு இரத்தத்தில் மிதக்கும் ஒரு சிறு பீப்பாய் அது.

இது ஊவாவுக்கு ஏன் வேண்டும்? 2017இல் இலங்கையில் 186,101 பேர் டெங்கு நோயாளிகளாகப் பதிவானார்கள். அதற்கு முன் இந்த நாடு அப்படியொரு எண்ணைக் கண்டதில்லை. பதுளை மாவட்டமும் தப்பவில்லை. காய்ச்சல் தொடங்கிய முதல் நாட்களிலேயே வைத்தியசாலையில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்து, சிறு அட்டையில் விட்டு, கோடு விழுகிறதா என்று பார்க்கிறார்களே, அந்த அட்டை தேடுவது என்.எஸ்.1 புரதத்தைத்தான். அதைப் பிடிக்கும் பிறபொருளெதிரிகளை உருவாக்கவும், அட்டை சரியாக வேலை செய்கிறதா என்று சோதிக்கவும் தூய என்.எஸ்.1 வேண்டும். அது பூச்சிக் கலத்திலிருந்தோ பாலூட்டியின் கலத்திலிருந்தோ வருகிறது. ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் நீலிகா மாளவிகேயின் குழு, இலங்கை நோயாளிகளின் இரத்தத்தில் என்.எஸ்.1 நீடித்திருப்பதற்கும் நோய் கடுமையாவதற்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து, அதே 2014இல் வெளியிட்டது. அமெரிக்காவில் அந்தப் புரதத்தின் உருவம் தெளிந்த ஆண்டிலேயே, இங்கே அதன் மருத்துவப் பொருளும் ஆராயப்பட்டிருக்கிறது. லயத்தில் காய்ச்சலோடு கிடக்கும் பிள்ளையை வாடகை வண்டி பிடித்து மலை இறக்க வேண்டுமா, இன்னொரு நாள் பார்க்கலாமா என்று தவிக்கும் தாய்க்கு, இந்த இரண்டு ஆய்வுகளும் தொலைவில் உள்ளவை அல்ல.

ஆய்வகத்திலிருந்து தடுப்பூசிக்குப் போன பாதையையும் கொஞ்சம் பார்க்கலாம். பாப்பிலோமா வைரஸின் மேலோடு எல்1 என்ற ஒரே புரதத்தின் 360 படிகளால் ஆனது. அதைப் பூச்சிக் கலத்தில் செய்தால் படிகள் தாமாகவே கூடி, உள்ளே மரபுப்பொருள் இல்லாத வெற்று வைரஸ் ஓடாகின்றன என்று 1992இல் ரெய்ன்ஹார்ட் கிர்ன்பாவர், ஜோன் ஷில்லர், டக்ளஸ் லோவி ஆகியோர் காட்டினார்கள். உடல் அதை உண்மையான வைரஸ் என்று எண்ணி எதிர்ப்பை வளர்த்துக்கொள்ளும், நோய் வராது. அந்த வழியில் வந்த செர்வாரிக்ஸ் தடுப்பூசி ட்ரிகோப்ளூசியா என்ற முட்டைக்கோசுப் புழுவின் கலத்தில் செய்யப்படுகிறது. அதன் இணையான கார்டசில், ஈஸ்ட்டில் செய்யப்படுகிறது. இலங்கையில் 2017 முதல் ஆறாம் தர மாணவியருக்குப் பாடசாலைகளில் பாப்பிலோமாத் தடுப்பூசி போடப்படுகிறது.

2013இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஃப்ளுப்ளொக் என்ற இன்ஃபுளுவென்சாத் தடுப்பூசிக்குக் கோழிமுட்டை தேவைப்படவில்லை. படைப்புழுக் கலம் போதுமாக இருந்தது. பிறகு கொரோனா வந்தது. நோவாவேக்ஸ் நிறுவனம் வைரஸின் முள்புரதத்தை எஸ்.எஃப்.9 கலத்தில் செய்தது. அந்த நிறுவனத்தில் தடுப்பூசி ஆய்வை நடத்திய முன்னணி விஞ்ஞானிகளில் ஒருவர், 1983இல் மாக்ஸ் சம்மர்ஸிடம் இருந்த அதே கேல் ஸ்மித். அந்தத் தடுப்பூசியைக் கோவோவேக்ஸ் என்ற பெயரில் செய்தது புனேயின் சீரம் நிறுவனம். 2021 டிசெம்பர் 17 அன்று உலக சுகாதார நிறுவனம் அதை அவசரப் பயன்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. கே.ஆர்.பி. சிங் நுளம்புக் கலம் வளர்த்த நகரம், 54 ஆண்டுகளுக்குப் பின், புழுக்கலத் தடுப்பூசியை உலகுக்கு அனுப்பியது. இலங்கையில் பெரும்பாலோர் போட்டுக்கொண்டது சைனோபார்ம். அது முழு வைரஸையும் வளர்த்துச் செயலிழக்கச் செய்த வேறு வகை.

குறைகளையும் சொல்ல வேண்டும். பூச்சிக் கலம் ஒட்டும் சர்க்கரை, மனிதக் கலம் ஒட்டுவதைப் போன்றதன்று. கிளைகள் குட்டையாக, மனோஸ் என்ற சர்க்கரை மிகுந்து நிற்கும். பல புரதங்களுக்கு அது பரவாயில்லை. சிலவற்றுக்கு அதுவே முழு வேறுபாடு. வைரஸ் தொற்றிய கலம் இறுதியில் சாவதால் ஒவ்வொரு தடவையும் புதிதாகத் தொடங்க வேண்டும். 2014இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் ஆய்வாளர்கள் எஸ்.எஃப்.9 கலங்களுக்குள்ளேயே யாருக்கும் தெரியாமல் ஒரு ராப்டோ வைரஸ் குடியிருப்பதைக் கண்டார்கள். மனிதருக்குத் தீங்கு செய்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் அத்தனை ஆண்டுகள் அத்தனை ஆய்வகங்களின் கண்ணுக்குத் தப்பியது, எந்தக் கலத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாது என்று எல்லோருக்கும் உணர்த்தியது. ராப்டோ வைரஸ் இல்லாத கிளைகள் பிறகு உருவாக்கப்பட்டன.

இனி பதுளையைப் பற்றி. இத்தகைய வேலை கொழும்பிலோ புனேயிலோதான் நடக்க முடியும் என்ற எண்ணம் பலருக்கு உண்டு. எஸ்.எஃப்.9 கலத்தின் தேவைகளை வைத்துப் பார்த்தால் அந்த எண்ணம் நிற்காது. மனிதக் கலத்துக்கு 37 பாகை வெப்பமும், காபனீரொட்சைட்டு வாயு ஓடும் பெட்டியும் வேண்டும். புழுக் கலத்துக்கு 27 பாகை போதும், வாயு வேண்டியதில்லை. கடல்மட்டத்திலிருந்து சுமார் 680 மீற்றர் உயரத்தில் இருக்கும் பதுளையின் பகல் வெக்கையே கிட்டத்தட்ட அதுதான். 2022 மார்ச் கடைசியில் நாடெங்கும் 13 மணி நேரம் மின்சாரம் நின்றதே, அப்படியொரு நாளில் மனிதக் கலம் குளிர்ந்து துவண்டுவிடும், எஸ்.எஃப்.9 கலம் தாக்குப்பிடிக்கும். உண்மையில் கடினமானவை வேறு: கலங்களை ஆண்டுக்கணக்கில் உறையவைக்கும் திரவ நைதரசன் மலையேறி வர வேண்டும், கரைசல்களுக்கு வெளிநாட்டுப் பணம் வேண்டும், தூசும் பூஞ்சணமும் அண்டாத ஓர் அறையை மழைக்காலத்தில் காக்க வேண்டும்.

இடமும் உண்டு, ஆட்களும் இருக்கிறார்கள். பதுளையில் 2005இல் தொடங்கிய ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் தேயிலைத் தொழில்நுட்பத்துக்கென்றே பட்டப்படிப்பு உண்டு. பசறையில் தேயிலை ஆராய்ச்சி நிறுவகத்தின் ஊவா நிலையம் உண்டு. மடுல்சீமையிலும் லுணுகலையிலும் நமுனுகுலையிலும் உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் தோட்டப் பிள்ளைகள் இருக்கிறார்கள். கொழுந்தின் அடியில் புழு இருக்கும் இடம் அவர்களின் அம்மாக்களுக்குக் கைபட்டே தெரியும். அந்தப் பிள்ளைகளுக்குப் புழு என்றால் மருந்து அடிப்பது மட்டும்தான் என்ற பாடத்தோடு முடித்துவிடுவது அநியாயம்.

முதல் வேலையாக ஒன்றைச் செய்யலாம். இன்று உலகம் பயன்படுத்தும் எஸ்.எஃப். கலங்கள் அரை நூற்றாண்டுக்கு முன் அமெரிக்காவில் எடுத்தவை. ஊவாவுக்கு வந்திருக்கும் படைப்புழுவிலிருந்து இங்கேயே ஒரு கல வரிசையை எடுக்க முயலலாம். அதில் டெங்குப் புரதமும் செய்து பார்க்கலாம். படைப்புழுவையே கொல்லும் உள்ளூர்ப் பாக்குலோ வைரஸையும் வளர்த்துப் பார்க்கலாம். மகியங்கனைச் சோளக் காணியின் மண்ணைச் சில அங்குலம் கிளறினால் செங்கபில நிறத்தில் கூட்டுப்புழுக்கள் கிடைக்கும். பெண் எது என்று அறிய வயிற்றின் எட்டாம் துண்டத்தில் உள்ள சிறு கீற்றைப் பார்க்க வேண்டும். ஆணுக்கு அது ஒன்பதாம் துண்டத்தில் இருக்கும். மதுசாரத்தில் கழுவி, கூரிய கத்தரியால் திறந்து, சூலகத்தை எடுத்து நறுக்கி, கிரேஸின் கரைசலில் இட்டு 27 பாகையில் வைக்க வேண்டும். முதல் நாட்களில் துண்டுகள் வெறுமனே கிடக்கும். பிறகு ஓரங்களிலிருந்து ஒன்றிரண்டு கலங்கள் நகர்ந்து குடுவையின் அடியில் ஒட்டும். சில நாளுக்கு ஒரு முறை பழைய கரைசலில் பாதியை எடுத்துவிட்டுப் புதியதில் பாதியை ஊற்றி, தேதி எழுதி, மீண்டும் மூடிவைக்க வேண்டும். அவை தாமாகப் பிரியத் தொடங்க மாதக்கணக்கில் ஆகும்.